ஆராதனை மாத்திரை

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டும் கேட்டில் மாட்டிய பையில் இருந்தன. 5.15க்கு அத்தைக்குக் காபி. 5.30க்கு மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அன்றும் அவ்வளவே ஆயிற்று. 6.00 மணிக்கு இட்லி. 6.20க்கு மாத்திரைப் பெட்டியில் ‘ஞாயிறு காலை’ என்ற மூடியைத் திறந்து, ரத்த அழுத்த மாத்திரையை அத்தையின் உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு நோட்டில் நேரத்தைக் குறித்தேன்.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. வயது எழுபத்தாறு. அண்ணனூரில் ரயில் பாதையிலிருந்து மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. நான், கணவர், அத்தை, மூன்று பேர். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். மண்ணூர்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் தர ஆய்வாளர். இருபத்தாறு வருடமாக அளவு பார்ப்பதுதான் வேலை. அளவு கூடியதையும் குறைந்ததையும் ஒதுக்கிவைத்து, எழுதி, கையெழுத்துப் போடுவேன்.

அந்த வேலையை விடுவதா வேண்டாமா என்று ஆகஸ்ட் முடிவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். மேலாளர் கெடுபிடியாகக் கேட்கவில்லை. “ஒரு முடிவு சொல்லிருங்க மேடம், ஆள் போடணும்” என்றுதான் சொன்னார். நான்கு மாதத்தில் ஒன்பது நாள் முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்பு எடுத்திருந்தேன். காரணம் அத்தை. அவரைப் பகலில் தனியே விட முடியாத நிலை வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அவருக்கு அறிவு தடுமாறுகிறது, இனி அது கூடிக்கொண்டேதான் போகும் என்று.

முதலில் வந்தது வேறு தொல்லை. இரண்டு வருடம் முன்பு அத்தைக்கு ஒன்றுக்கு அடக்க முடியாமல் போயிற்று. வருகிறது என்று எழுந்தால், கழிவறைக் கதவைத் தொடும் முன்பே புடவை நனைந்துவிடும். அவர் சொல்லவில்லை. துவைக்கும்போது எனக்குத் தெரிந்தது. அம்பத்தூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று மாத்திரை எழுதினார். மூத்திரப்பை நினைத்த நேரத்தில் இறுகுவதை அது தளர்த்தும் என்றார். வாய் உலரலாம், மலம் கட்டலாம், வயதானவர்களுக்குச் சில சமயம் குழப்பம்கூட வரலாம், வந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். மூன்றையும் எழுதிக்கொண்டேன்.

வாய் உலர்ந்தது. மலம் கட்டியது. புடவை நனைவது பாதிக்கு மேல் குறைந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல் போயிற்று.

இந்த வருடம் ஏப்ரல் 14 அன்று மாலை, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அத்தை, “அவருக்கு இன்னைக்கு எந்த ஷிப்டு?” என்று கேட்டார். மாமா ரயில் ஷெட்டில் வேலை பார்த்தவர். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் ஏதோ ஞாபகத்தில் கேட்கிறார் என்று விட்டுவிட்டேன். ஏப்ரல் 29 அன்று கழுவாத அரிசியைக் குக்கரில் போட்டு, குக்கரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். மே 12 அன்று சுவரில் எறும்பு வரிசை போகிறது என்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதினேன். ஓரிரு நாளில் பழையபடி ஆகிவிடுவார். பைபிளில் அதிகாரம் எண் தப்பாமல் சொல்வார், என் குழம்பில் புளி தூக்கல் என்பார். சரியாகிவிட்டது என்று நினைப்பேன். பிறகு மறுபடி வரும்.

ஆகஸ்ட் 5 அன்று பிற்பகல் 3.10க்குக் கம்பெனியில் எனக்குப் போன் வந்தது. எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர். அம்பத்தூர் போய் ரயில் பிடித்து வீட்டுக்கு வரும்போது மணி 4.20. அத்தை ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கிவிடாதபடி ஆட்டோக்காரர் வெளியே காலைக் குறுக்கே நீட்டி நின்றிருந்தார்.

“இன்னாக்கா, ஆயா பிளாட்பாரம் முடியிற எடத்துல எறங்கி தண்டவாளத்தாண்ட போய்கினு இருந்துச்சு. எங்க போறன்னு கேட்டா, ‘அவருக்கு சோறு எடுத்துகினு போறேன், ஷெட்டுல காத்துகினு இருப்பாரு’ன்னுது. கையில ஒன்னும் இல்ல.”

“ரொம்ப நன்றி தம்பி.”

“நன்றி கெடக்கட்டும். தனியா உடாதக்கா. ஷெட்டுக்குப் போற காலி வண்டி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. என்னையே ‘இன்னாத்துக்குடா காக்கி போட்டுகினு என் பின்னாலயே வர்ற’ன்னு திட்டுது.”

“உன்ன மாதிரி எத்தன பேரைப் பாத்திருக்கேன்” என்று உள்ளேயிருந்து அத்தை சொன்னார்.

அன்று அவரைக் கை பிடித்து உள்ளே அழைத்துப் போகும்போது எனக்குக் கோபமோ பயமோ வரவில்லை. உட்கார வேண்டும் என்று மட்டும் இருந்தது. உட்கார்ந்தால் இரவுச் சமையல் தள்ளிப்போகும் என்பதால் உட்காரவில்லை.

பூந்தமல்லியில் இருக்கும் என் நாத்தனாருக்குக் கணவர் சொன்னார். நாத்தனார் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மறுநாளே வந்துவிட்டார். வந்ததும் குளிர்பெட்டி மேலிருந்த என் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

“இவ்ளோ எழுதறியே, எழுதற நேரத்துல பக்கத்துல உக்காந்திருக்கலாம்ல?”

“நான் வேலைக்குப் போயிருந்தேன் அண்ணி.”

“அதத்தான் சொல்றேன். பசங்க செட்டில் ஆயிட்டாங்க. இன்னும் யாருக்கு சம்பாரிக்கற? எங்கம்மாவ ரயில் அடிச்சிட்டா நோட்ல டைம் போட்டு எழுதுவியா?”

“பாக்கலாம்” என்றார் கணவர். அந்தச் சொல் வந்தால் வேலை என் தலையில்தான் என்பது முப்பது வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 7 அன்று டாக்டரிடம் போனோம். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரை ஏதாவது கூடப் போட்டிருப்பாங்களா? மறந்துபோய் ரெண்டு தடவ?”

“வாய்ப்பே இல்ல டாக்டர்” என்று நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஏழு நாளுக்கான மாத்திரையைப் பெட்டியில் நிரப்புவேன். அட்டையில் மீதி எத்தனை என்று எண்ணி எழுதுவேன். இரண்டு வருடத்தில் ஒரு மாத்திரை கூடியதோ குறைந்ததோ இல்லை. டாக்டர் நான்கைந்து பக்கம் பார்த்தார். “இவ்வளவு கரெக்டா யாரும் எழுதறதில்லம்மா” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் களைப்பிலும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த இரவு மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். நிறுத்தினால் தினமும் இரண்டு மூன்று புடவை, படுக்கை விரிப்பு, பாய் எல்லாம் மறுபடி வரும் என்பது எனக்கு முதலில் தோன்றியது. “ரெண்டு வருஷமா ஒத்துக்கிட்டுதானே டாக்டர் இருக்கு” என்றேன். அவரும் யோசித்தார். நரம்பு மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். 27ஆம் தேதிக்கு நேரம் கிடைத்தது. நினைவு குறைவதற்கான மாத்திரை அங்கே தொடங்குவார்கள் என்றார். என் கணக்கு அவ்வளவு சரியாக இல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஞாயிறுகளில் அத்தையை ஆலயத்துக்கு அழைத்துப் போவது கணவர். காலை ஆராதனைக்கு அவர்கள் போக, நான் வாரத் துணிகளைத் துவைத்துவிட்டு மாலை ஆராதனைக்குத் தனியாகப் போவேன். 18ஆம் தேதி கணவருக்கு ஷிப்ட் விழுந்ததால் நான் அழைத்துப் போனேன். 7.15க்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் அத்தையின் கூட்டாளிகள் நால்வர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடும் அம்மா. எழுபத்தெட்டு வயது, நிமிர்ந்த முதுகு.

“ஸ்தோத்திரம் டீச்சர்.”

“ஸ்தோத்திரம். இன்னைக்கு மருமவ டியூட்டியா? உக்காரும்மா.”

உட்கார்ந்ததும் டீச்சர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஏதோ வெள்ளையாக ஒன்றை அத்தையிடம் கொடுத்தார். அத்தை வாயில் போட்டுக்கொண்டு டீச்சரின் பாட்டிலிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சூடமிட்டாய், அதாவது பெப்பர்மின்ட், கைமாறுவது பழைய வழக்கம். சிறு வயதில் எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். சூடமிட்டாயை யாரும் தண்ணீர் விட்டு விழுங்குவதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அன்று நற்கருணை. ஆராதனை இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தது. 9.05க்கு எனக்கே தாங்காமல் எழுந்து வெளியே போய் வந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். அந்தப் பெஞ்சில் என்னைத் தவிர ஐந்து பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வீட்டில் முக்கால் மணிக்கு ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடும் அத்தை, கல்லாக உட்கார்ந்திருந்தார். உதட்டை மட்டும் நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் தேநீர். பெண்கள் சங்கத்தார் அங்கே அரை மணி நேரம் உட்கார்வார்கள். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனபோது வெள்ளானூரிலிருந்து வரும் பருத்த அம்மா ஒருவர் டீச்சரிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், எனக்கு ஒரு ஆராதனை மாத்திரை குடுங்க. போன வாரம் குடுத்தது நைட்டிப் பையிலயே இருந்து, துணியோட துணியா துவச்சிட்டேன்.”

“அப்ப அந்த நைட்டி இனிமே நனையாது” என்றார் அத்தை.

ஐந்து பேரும் சிரித்தார்கள். அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. தம்ளர்களை மேசையில் வைத்தேன்.

“என்ன மாத்திரை அது?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. டீச்சர் மட்டும் தயங்கவில்லை. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து என்னிடமே கொடுத்தார். “ஒன்னுமில்லம்மா. ரொம்ப நேரம் உக்காரணும்ல, அதுக்கு. டாக்டர் எனக்கு எழுதினதுதான். ஒரு நாளைக்கு ரெண்டு போடச் சொன்னார். எனக்கு ஒன்னு போதுது. மிச்சம் ஆகறத வீணாக்காம, வேணுங்கறவங்களுக்குக் குடுக்கறேன். இல்லாதவங்களோட பங்குபோட்டுக்கறது தப்பா?”

அட்டையில் இருந்தது நான் அறியாத பெயர். வீட்டில் இருக்கும் மாத்திரையின் பெயர் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அது வேறு, இது வேறு. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். வாசித்தேன், புரியவில்லை.

“இன்னைக்கு எத்தனை போட்டீங்க அத்தை?”

அத்தை தேநீரை ஊதி ஆற்றினார். டீச்சர்தான் சொன்னார். “காலையில ஒன்னு. பிரசங்கம் நீண்டுச்சுன்னு நடுவுல ஒன்னு கேட்டாங்க.”

“அவங்க வீட்டுலயும் இதுக்கு ஒரு மாத்திரை போடறாங்க டீச்சர். தினமும்.”

டீச்சர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொல்லலியே.”

“நீங்க கேக்கலியே” என்றார் அத்தை. “வூட்டுக்குப் போலாம் வாம்மா.”

வாசல்வரை டீச்சர் கூட வந்தார். என் கையில் ஒரு காலி அட்டையைத் திணித்து, யாருக்கும் கேட்காதபடி, “எனக்கும் சாயங்காலம் ஆனா எழுத்து மங்குதும்மா, பைபிள் வாசிக்க முடியல. இதனாலயா இருக்குமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது, உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்றேன். டாக்டரிடம் தன் மருமகளும் கூட வருவாள், அவள் எதிரில் எப்படிச் சொல்வது என்றார்.

ஆட்டோவில் வரும்போது அத்தையிடம் கேட்டேன். “எப்பலேர்ந்து அத்தை?”

“பெரிய வெள்ளிலேர்ந்து.”

பெரிய வெள்ளி ஆராதனை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று. எல்லோரும் வெள்ளைப் புடவை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் பற்றிய பிரசங்கம் நடக்கும்போது அத்தைக்கு வந்துவிட்டது. எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்தே இருந்தார். பெஞ்சும் நனைந்து தரையிலும் சொட்டியது. டீச்சர் தன் கைப்பையை அவர் மடியில் வைத்து, தன் முந்தானையால் பெஞ்சைத் துடைத்து, ஆண்கள் எல்லோரும் போகும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறார். மறு வாரம் முதல் மாத்திரை. சனிக்கிழமை மாலையிலிருந்தே அத்தை தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருக்கிறார். புதன்கிழமை வீட்டு ஜெபக் கூடுகைக்கும் சில வாரம் ஒன்று.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நோட்ல எழுதுவ.”

“உங்க நல்லதுக்குத்தானே அத்தை எழுதறேன்.”

“எழுதி ஃப்ரிட்ஜு மேல வப்ப. அவன் பாப்பான். பூந்தமல்லிக்காரி வந்தா காபி குடிக்கறதுக்கு முன்னால அத்தப் பொரட்டுவா. ‘10.40, புடவை நனைந்தது. 2.15, மறுபடி நனைந்தது.’ எனக்கும் படிக்கத் தெரியும்மா. பெத்த புள்ள படிக்கற எடத்துல வச்சிருக்க.”

ஆட்டோ ரயில்வே பாதைக்குப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

10.50க்கு வீடு. அத்தையைப் படுக்கவைத்துவிட்டு நோட்டையும் சுவர் காலண்டரையும் எடுத்து உட்கார்ந்தேன். தடுமாற்றம் நடந்த நாட்களுக்கெல்லாம் தேதியும் நேரமும் எழுதியிருந்தேன். கிழமை எழுதவில்லை. எதற்கு என்று நினைத்திருப்பேன். ஏப்ரல் 14, ஞாயிறு. ஏப்ரல் 29, திங்கள். மே 12, ஞாயிறு. ஜூன் 9, ஞாயிறு. ஜூன் 20, வியாழன்; முந்தின நாள் புதன் கூடுகை. ஜூலை 8, திங்கள். ஆகஸ்ட் 5, தண்டவாளத்துக்குப் போன நாள், திங்கள். இரண்டு முறை சரிபார்த்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் முறையும் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரின் கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடைக்குப் போனேன். ஞாயிறு டாக்டர் வருவதில்லை. கடையில் மருந்தாளராக இருக்கும் பெண்ணுக்கு என் வயது இருக்கும். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே வேலை செய்யறதுதான்க்கா. மருந்து வேற, கம்பெனி வேற. அதுவும் தளர்த்தும், இதுவும் தளர்த்தும். ரெண்டும் சேர்ந்தா வயசானவங்களுக்குத் தலைக்குப் போகும். ஒன்னே சில பேருக்குத் தாங்காது. தண்ணியும் குடிக்கலன்னா சொல்லவே வேணாம்.”

“சேத்துத் தர்றது தெரியாம நான் கணக்கு வச்சிருந்தேன்.”

“நீங்க வீட்டுக் கணக்கு வச்சீங்க. எங்க கடைக்கு வர்றவங்க நிறைய பேரு அப்படித்தான். சளி மாத்திரை, தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டு மாத்திரை, இதெல்லாம் கணக்குல வராது. மூத்திரம் போச்சா இன்னைக்கு?”

“காலையில போனாங்க. அப்புறம் தெரியல.”

“அதப் பாருங்க. போகாம வயிறு உப்பினாலோ, எழுப்ப முடியாத மாதிரி தூங்கினாலோ காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி.”

டாக்டருக்கு அவரே போன் போட்டுக் கொடுத்தார். டாக்டர் நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். அந்த இரவு மாத்திரையைத் தர வேண்டாம் என்றார். வெளியிலிருந்து வருவது எதுவும் கூடாது. அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நாளைக் காலை எழுந்ததும் போகும் மூத்திரத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கிருமி இருக்கிறதா என்று இதுவரை பார்க்கவே இல்லை, பார்த்திருக்க வேண்டும் என்றார். தெளிந்துவிடுவார்களா என்று கேட்டேன். மாத்திரையால் வந்ததாக இருந்தால் சில நாளில் தெரியும், எல்லாமே அதனால்தான் என்று இப்போதே சொல்ல மாட்டேன், 27ஆம் தேதியை ரத்து செய்ய வேண்டாம் என்றார்.

மூன்று மணிக்கு அத்தை எழுந்தார். தடுமாறும் நாட்களில் வரும் பளபளப்பு கண்ணில் இருந்தது. கன்னம் சிவந்து, வாய் ஒட்டி, விரலால் போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தன் தங்கை என்று நினைத்தார்.

“நீ எப்ப வந்த? அம்மா வூட்ல கீறாங்களா?”

“இருக்காங்க. இந்தத் தண்ணியக் குடிங்க.”

“வேணாம். நாளைக்கு கோயிலுக்குப் போணும்.”

“நாளைக்கு இல்ல அத்தை. குடிங்க.”

அரை மணிக்கு ஒரு சின்னத் தம்ளர். ஒவ்வொரு தம்ளருக்கும் ஒரு வாதம். 5.10க்குக் கழிவறைக்குப் போனார், கொஞ்சம் போயிற்று. அதை நோட்டில் எழுதப் போனேன். பேனாவைத் திறந்துவிட்டு, தனிக் காகிதத்தில் எழுதி மடித்து என் பீரோவில் வைத்தேன்.

கணவர் 6.30க்கு வந்தார். மாத்திரை விஷயத்தைச் சொல்லி, காலண்டரையும் நோட்டையும் காட்டினேன். ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். பெரிய வெள்ளி விஷயத்தை நான் சொல்லவில்லை. அவர் அக்காவுக்குப் போன் போட்டு, குரல் வெளியே கேட்கும்படி வைத்தார்.

“சர்ச்சுல ஒரு மாத்திர குடுத்ததுல ஆளு பைத்தியமாவாங்களா?” என்றார் அண்ணி. “அவளுக்கு வேலைய விட மனசில்ல. அதுக்கு ஒரு காரணம் கண்டுபுடிச்சிருக்கா. நீயும் தலையாட்டு.”

“தேதி எல்லாம் சரியா இருக்குக்கா” என்றார் கணவர்.

“தேதி அவ எழுதினதுதானே?”

போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி வீட்டிலேயே இருந்தது. அதில் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அத்தைக்கு இது மாத்திரையால் வந்ததாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அவருக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் அளவுகோல் இல்லை. விரும்புகிறவள் எடுத்த அளவை யார் நம்புவார்கள்? கம்பெனியில் அப்படி ஓர் ஆய்வாளர் இருந்தால் நானே வேறு ஆளைப் போடச் சொல்லியிருப்பேன். நாளைக்கு விடுப்பு என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். பத்தாவது நாள். கணவர் என்னைக் கேட்காமலே அத்தைக்குக் கஞ்சி ஊட்டினார். இரவு 8.00 மணிக்கு ‘ஞாயிறு இரவு’ மூடியைத் திறக்கவில்லை. பாய்க்கு மேல் ரப்பர் விரிப்பு போட்டேன், அதன் மேல் பழைய புடவை இரண்டு.

மறுநாள் ஆகஸ்ட் 19, திங்கள். விரிப்பு நனைந்திருந்தது. அத்தை விழித்து உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்தது. கிழமையைக் கேட்டேன், சனி என்றார். பால் காய்ச்சுவதற்கும் மோட்டார் போடுவதற்கும் முன்பாக, 5.05க்கு அவரைக் கழிவறைக்கு அழைத்துப் போனேன். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று விளக்கினேன். ஒரு கையால் அவர் முழங்கையைத் தாங்கி, மறு கையால் அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்தேன். என் மணிக்கட்டிலும் பட்டது. மூடியை இறுக்கி, துடைத்து, அடுக்களை மேடையில் வைத்துப் பேனாவை எடுத்தேன். அத்தை பின்னாலேயே வந்து நின்றார்.

“அதுல என் பேர எழுதணுமா?”

“எழுதணும் அத்தை. இல்லன்னா லேப்ல வாங்க மாட்டாங்க.”

“உன் பேர எழுதிக்கோ.”

முடியாது என்று சொல்லி அவர் பெயரையும், வயதையும், 5.12 என்று நேரத்தையும் எழுதினேன். அவர் குனிந்து, எழுத்துக்கூட்டி, சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்தார்.